இப்போது வாங்குவதா, காத்திருப்பதா?

மாலை ஐந்து மணி. பள்ளித் திடலில் குறுக்கோட்டக் குழுவின் பயிற்சி முடிந்துவிட்டது. உயர்நிலை மூன்றாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி, காலணியைக்கூடக் கழற்றாமல் திறன்பேசியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். ஓடும் தூரத்தையும் வேகத்தையும் இதயத்துடிப்பையும் பதிவுசெய்யும் விளையாட்டுக் கைக்கடிகாரம் ஒன்று திரையில் தெரிந்தது. அதன் விலை 430 வெள்ளி. தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்பையும் ஓராண்டாகச் சேமித்த கைச்செலவுப் பணத்தையும் கூட்டினால் அவளிடம் 310 வெள்ளி இருந்தது.

“சலுகை இன்று நள்ளிரவோடு முடிகிறது. மீதிப் பணத்தை அம்மாவிடம் கேட்டு இப்போதே வாங்கிவிடு,” என்றாள் தோழி. முதல் நாள் இரவு அண்ணன் சொன்னதோ வேறு. “இன்னும் சில மாதங்களில் புதியது வந்துவிடும். இதை இப்போது வாங்கினால் பிறகு வருத்தப்படுவாய். பொறுத்திரு,” என்று அவன் கூறியிருந்தான்.

இரண்டும் நியாயமாகவே தோன்றின. ஆனால், இரண்டையும் ஒரே நேரத்தில் பின்பற்ற முடியாது. திறன்பேசி, மடிக்கணினி, விளையாட்டுக் கருவி என்று எதை வாங்கச் சென்றாலும் இன்றைய இளையர்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆயினும், விடையைக் கண்டறியும் வழி ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தக் கைக்கடிகாரம் என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டும்.

கடிகாரத்துக்குள் நடப்பது என்ன?

உடலின் இயக்கத்தை அளக்கும் கருவிகள் நேற்று இன்று தோன்றியவை அல்ல. தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1965இல், ஜப்பானில் ‘மான்போ-கெய்’ என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பது அப்பெயரின் பொருள். இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் அது எடுத்துவைக்கும் அடிகளை எண்ணும். 1982இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த போலார் நிறுவனம், மார்பில் கட்டும் பட்டையிலிருந்து மணிக்கட்டுக்குக் கம்பியின்றி இதயத்துடிப்பை அனுப்பும் கருவியை அறிமுகப்படுத்தியது. 2003இல் கார்மின் நிறுவனத்தின் ‘ஃபோர்ரன்னர்’ வரிசை தொடங்கியது. ஓட்டக்காரர்கள் கையில் கட்டிக்கொண்டு, துணைக்கோள்களின் உதவியால் தாங்கள் ஓடும் தூரத்தை அறிய அது வழிசெய்தது. சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தொடங்கிய நடைச் சவாலில், பங்கேற்றவர்களுக்கு அடிகளை எண்ணும் கைப்பட்டைகள் இலவசமாக வழங்கப்பட்டன. இவ்வாறு, ஒரு காலத்தில் விளையாட்டு வீரர்கள் மட்டுமே பயன்படுத்திய கருவி, பொதுமக்களின் கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இன்றைய விளையாட்டுக் கைக்கடிகாரம் இரண்டு முக்கிய அளவீடுகளைச் செய்கிறது. முதலாவது, இடத்தை அறிதல். அமெரிக்காவின் ஜிபிஎஸ் துணைக்கோள்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் வலம் வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு, கடிகாரம் துணைக்கோளுக்கும் தனக்கும் உள்ள தொலைவைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் இடத்தைத் துல்லியமாகக் கணிக்கலாம். இதில் நேரத்தைச் சரியாக அளப்பது மிக முக்கியம். ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை ஏற்பட்டாலும் தொலைவு 300 மீட்டர் மாறிவிடும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகிய துணைக்கோள் வரிசைகளையும் இப்போதைய கடிகாரங்கள் பல பயன்படுத்துகின்றன.

உயரமான கட்டடங்கள் நெருங்கியிருக்கும் ராஃபிள்ஸ் பிளேஸ் போன்ற இடங்களில், சமிக்ஞை கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் தெறித்துச் சுற்றிவளைத்து வரும். அதனால் ஓடாத தெருவில் ஓடியதாகவும் கடிகாரம் காட்டக்கூடும். இக்குறையைக் குறைப்பதற்காகவே, இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞையைப் பெறும் கடிகாரங்கள் அண்மைய ஆண்டுகளில் பரவலாயின.

இரண்டாவது அளவீடு, இதயத்துடிப்பு. கடிகாரத்தின் அடிப்பகுதியில் பச்சை நிற ஒளி மின்னுவதைப் பலர் பார்த்திருப்பர். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை உடையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் பாயும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணியே கடிகாரம் துடிப்பைக் கூறுகிறது. கடிகாரம் தளர்வாக இருந்தாலோ, வேகத்தைத் திடீரென்று கூட்டிக் குறைத்து ஓடினாலோ அந்த எண்ணிக்கை பிசகலாம். மார்புப் பட்டை இதயத்தின் மின்சமிக்ஞையையே அளப்பதால், அத்தகைய பயிற்சிகளுக்கு அதுவே கூடுதலாக நம்பத்தக்கது.

ஓட்டத்துக்கு இன்றியமையாத இந்த அளவீடுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கடிகாரத்தில் இடம்பெற்றுவிட்டன. புதிய மாதிரிகளில் அவை மேம்படுகின்றன. ஆனால், ஒவ்வொரு முறையும் பெரிய மாற்றம் நிகழ்வதில்லை. திரை பளபளப்பாகலாம், தூக்கத்துக்கு மதிப்பெண் கிடைக்கலாம், பாட்டுக் கேட்கும் வசதி சேரலாம். இவை பயனுள்ளவைதாம். ஆனால், இவை இல்லாவிட்டால் ஓட முடியாது என்று எவரும் கூறமாட்டார்.

ஒன்பது மாதங்களும் இருபத்தாறு மாதங்களும்

“விரைவில் புதியது வரும்” என்று அண்ணன் கூறினான். ‘விரைவில்’ என்பது எவ்வளவு காலம்? ஃபோர்ரன்னர் வரிசையின் நடுத்தர மாதிரிகள் வெளிவந்த காலத்தைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும்.

2019 ஏப்ரலில் ‘245’ என்னும் மாதிரி அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதிரியான ‘255’ வெளிவர மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. அது 2022 ஜூன் மாதத்தில் வந்தது. ஆனால், அதற்கடுத்த ‘265’ மாதிரிக்கு ஒன்பது மாதங்களே தேவைப்பட்டன. 2023 மார்ச்சில் அது அறிமுகமானது. பிறகு ‘570’ என்று பெயர் மாறி வந்த மாதிரிக்கு 26 மாதங்கள் ஆயின. அது வெளிவந்தது 2025 மே மாதத்தில்.

2022 நவம்பரில் ஒருவர் ‘255’ வாங்கியதாக வைத்துக்கொள்வோம். சென்ற முறை மூன்று ஆண்டுகள் ஆனதால், இம்முறையும் அவ்வாறே ஆகும் என்று அவர் எண்ணியிருக்கலாம். நான்கே மாதங்களில் புதிய மாதிரி வந்ததும் அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனால், உண்மையில் அவர் இழந்தது என்ன? புதிய மாதிரியில் ஒளிமிக்க தொடுதிரையும் சில பயிற்சிக் கணிப்புகளும் சேர்க்கப்பட்டன. இரண்டு அலைவரிசைகளைப் பெறும் வசதி பழையதிலும் இருந்தது. ஜிபிஎஸ் இயங்கும்போது பழைய கடிகாரத்தின் மின்கலம் 30 மணி நேரம்வரை நீடிக்கும் என்று நிறுவனம் குறிப்பிட்டது. புதியதற்கு அது 20 மணி நேரம். மேலும், அமெரிக்காவில் ‘255’இன் தொடக்க விலை ஏறத்தாழ 350 டாலர், ‘265’இன் விலை 450 டாலர், ‘570’இன் விலை 550 டாலர். முன்னரே வாங்கியவர் புதிய திரையை இழந்தார். ஆனால், 100 டாலரையும் அதுவரை ஓடிய ஓட்டங்களின் பதிவுகளையும் பெற்றார்.

இதற்கு நேர்மாறான நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். 2023 மார்ச்சில் உயர்நிலை மூன்றில் இருந்த மாணவர் ஒருவர், ‘சென்ற முறை ஒன்பது மாதங்களில் புதியது வந்தது; இம்முறையும் பொறுத்திருந்து அதையே வாங்கலாம்’ என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடிகாரம் வருவதற்குள் அவர் உயர்நிலை நான்கையும் முடித்துப் பள்ளியை விட்டே சென்றிருப்பார். பள்ளிக் குழுவோடு ஓடிய எந்த ஓட்டத்திலும் அக்கடிகாரம் அவர் கையில் இருந்திருக்காது.

கடந்த கால இடைவெளியைக் கொண்டு வருங்காலத்தை உறுதியாகக் கூற முடியாது என்பதையே இவ்விரு நிலைகளும் காட்டுகின்றன.

நிறுவனங்கள் ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை?

புதிய மாதிரி எப்போது வரும் என்பதை நிறுவனங்களே அறிவித்துவிட்டால் குழப்பம் இருக்காது அல்லவா? அவ்வாறு அறிவித்த ஒரு நிறுவனத்தின் கதை வணிக உலகில் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது.

1981இல் அமெரிக்காவின் ஆஸ்போர்ன் நிறுவனம், கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 11 கிலோகிராம் எடை இருந்தபோதும் மக்கள் அதை விரும்பி வாங்கினர். 1983இல் அதைவிடச் சிறந்த கணினி ஒன்று வரப்போகிறது என்ற செய்தி பரவியது. வாங்க நினைத்தவர்கள் புதியதற்காகக் காத்திருக்கத் தொடங்கினர். பழைய கணினியின் விற்பனை சரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் நொடித்துப்போனது. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன என்று சிலர் வாதிடுகின்றனர். எனினும், புதியதைப் பற்றி முன்கூட்டியே பேசிப் பழையதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதை ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்றே இன்றும் அழைக்கின்றனர்.

வெளியீட்டு நாள்வரை நிறுவனங்கள் பொதுவாக வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, ‘அடுத்த மாதம் வருகிறதாம்’ என்று பரவும் செய்திகளில் பெரும்பாலானவை ஊகங்களே. சில பொருள்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. எடுத்துக்காட்டாக, ஆப்பிள் நிறுவனம் பல ஆண்டுகளாகச் செப்டம்பர் மாதத்தில் தன் புதிய கைக்கடிகாரங்களை அறிமுகப்படுத்தி வருகிறது. ஆகஸ்டு மாதத்தில் அதை வாங்க நினைப்பவர் சில வாரங்கள் பொறுத்திருப்பது அறிவுடைமை. அங்கே காத்திருப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, ஓர் எல்லையும் இருக்கிறது. ஊகத்தை நம்பிக் காத்திருப்பவருக்கோ எல்லையே இல்லை.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு

வாங்கினால் பணம் செலவாகும். காத்திருந்தால் எதுவும் செலவாகாது என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடப்படும் மற்றொன்றின் பயனைப் பொருளியலில் ‘வாய்ப்புச் செலவு’ என்பர். காத்திருக்கும் மாதங்களில் கிடைத்திருக்கக்கூடிய பயிற்சிப் பதிவுகள், சரியான வேகத்தில் ஓடக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஆகியவை கைநழுவிப் போகின்றன. பதினைந்து வயதில் ஓராண்டு என்பது நீண்ட காலம்.

மேலும், காத்திருப்பு ஒரு பழக்கமாகவும் மாறக்கூடும். புதிய மாதிரி வெளிவந்ததும், ‘விலை குறையட்டும்’ என்று மனம் சொல்லும். விலை குறையும் நேரத்தில், அதற்கும் அடுத்த மாதிரியைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். எக்காலத்திலும் இன்னும் சிறந்த ஒன்று வந்துகொண்டுதான் இருக்கும். அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று கரையில் நிற்பவர் கடைசிவரை குளிக்கப்போவதில்லை.

அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு

இதனால், உடனே வாங்குவதுதான் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவசரமாக வாங்குவதன் விலை, சில வேளைகளில் காத்திருப்பின் விலையைவிட அதிகம்.

இணையக் கடைகளில் 9.9, 11.11, 12.12 என்று நாள்களின் பெயரால் சலுகைகள் வருகின்றன. திரையின் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வரும். ‘இன்னும் இரண்டே இருக்கின்றன’ என்று சிவப்பு எழுத்து மின்னும். சிந்திக்க நேரம் கொடுக்காமல் முடிவெடுக்கத் தூண்டுவதே இவற்றின் நோக்கம். நவம்பரில் தவறிய சலுகை டிசம்பரில் வேறு பெயரில் வரக்கூடும். ஒரு பொருளின் விலையைச் சில வாரங்கள் குறித்துவைத்துக்கொண்டே வந்தால், உண்மையான தள்ளுபடி எது, அடித்துக் காட்டப்பட்ட வெறும் எண் எது என்பது விளங்கிவிடும்.

மலிவாகக் கிடைக்கும் பழைய மாதிரிகளிலும் கவனம் தேவை. ஆப்பிள் நிறுவனத்தின் மூன்றாம் வரிசைக் கடிகாரம் 2017இல் வெளிவந்தது. விலை குறைவு என்பதால் பலர் அதை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் வாங்கினர். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட புதிய மென்பொருள் அக்கடிகாரத்தில் இயங்காது என்று தெரியவந்தது. ஆனால், அதன் பிறகும் செப்டம்பர்வரை அது விற்பனையில் இருந்தது. அந்தக் கோடைக்காலத்தில் அதை வாங்கியவர்களுக்குச் சில மாதங்களிலேயே அடுத்த பெரிய மென்பொருள் மேம்பாடு கிடைக்காமல் போயிற்று. கடிகாரம் ஓடாமல் நின்றுவிடவில்லை என்றாலும், அதன் ஆயுள் அவர்கள் எண்ணியதைவிடக் குறுகியதாகிவிட்டது. ஆகவே, பழைய மாதிரியை வாங்குமுன் மென்பொருள் ஆதரவு தொடர்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய கடிகாரத்தை வாங்குவோர் மின்கலத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். பயன்படுத்தப் பயன்படுத்த அதன் திறன் குறையும். எவரிடமிருந்து வாங்குகிறோம் என்பதும் முக்கியம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, ‘லெமன் சட்டம்’ என்று அழைக்கப்படும் விதிகளின்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அக்குறை பொருள் கைமாறியபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிறுவும் பொறுப்பு விற்றவருடையது. கடைகள் விற்கும் பழைய பொருள்களுக்கும் இது பொருந்தும். ஆனால், ஒருவர் தம்முடைய பொருளை மற்றொருவருக்கு நேரடியாக விற்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை ஒன்று உண்டு. அது, பயன்படுத்தாத பொருளுக்குக் கொடுத்த விலை. 430 வெள்ளிக் கடிகாரத்தை அணிந்து வாரத்துக்கு மூன்று முறை நான்கு ஆண்டுகள் ஓடினால், மொத்தம் 624 ஓட்டங்கள். ஓர் ஓட்டத்துக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 69 காசு. அதே கடிகாரம் எட்டே வாரங்களுக்குப் பிறகு மேசை அறைக்குள் முடங்கிவிட்டால் ஓர் ஓட்டத்தின் செலவு கிட்டத்தட்ட 18 வெள்ளி! கடிகாரம் மலிவானதா, விலையுயர்ந்ததா என்பதை முடிவு செய்வது கடைக்காரர் அல்லர். அதை அணிபவரின் கால்கள்தாம்.

நான்கு கேள்விகள்

அப்படியானால் எவ்வாறு முடிவெடுப்பது? திருக்குறளின் பொருட்பாலில் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன. ஆட்சி செய்பவருக்காகச் சொல்லப்பட்ட அறிவுரைகளாயினும், ஒரு மாணவர் கடிகாரம் வாங்குவதற்கும் அவ்வரிசை வழிகாட்டுகிறது.

முதல் கேள்வி: இது எதற்காக? ‘எல்லாரிடமும் இருக்கிறது’ என்பது காரணம் ஆகாது. ‘2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் சுற்றை மிக விரைவாக ஓடிப் பிறகு களைத்துவிடுகிறேன். ஒவ்வொரு சுற்றின் நேரமும் எனக்குத் தெரிய வேண்டும்’ என்பது காரணம். தேவையை ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால், எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு இயலும்? விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பர். கடன் வாங்காமல், மற்றத் தேவைகளைக் குறைக்காமல் கொடுக்கக்கூடிய தொகையை முதலில் வரையறுத்துக்கொண்டு, பிறகே கடைக்குச் செல்ல வேண்டும். ஓட்டத்துக்கு உகந்த காலணி தேய்ந்து போயிருந்தால், முதல் செலவு அதற்கே. தேய்ந்த காலணியின் குறையை எந்தக் கடிகாரமும் சரிசெய்யாது.

மூன்றாவது கேள்வி: எப்போது தேவை? போட்டி எட்டு வாரங்களில் இருக்கிறதா, எட்டு மாதங்களில் இருக்கிறதா? எதற்காகக் காத்திருக்கிறோம், எந்த நாள்வரை காத்திருக்கிறோம் என்ற இரண்டுக்கும் விடை சொல்ல முடிந்தால் காத்திருக்கலாம். இரண்டில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும், அது காத்திருப்பு அன்று, தள்ளிப்போடுதல்.

நான்காவது கேள்வி: எங்கே பயன்படும்? உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே ஓடுபவருக்கு இரண்டு அலைவரிசைகளைப் பெறும் வசதி உண்மையிலேயே உதவும். திறந்தவெளியான ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடுபவருக்கு அதன் பயன் குறைவு. விளையாட்டரங்கத்தின் உள்வட்டப் பாதையில் ஒரு சுற்று 400 மீட்டர். ஆறு சுற்றுகள் 2.4 கிலோமீட்டர். அங்கே தூரத்தை அளக்கத் துணைக்கோளே தேவையில்லை.

மாணவியின் முடிவு

மறுநாள் அந்த மாணவி தன் பயிற்றுவிப்பாளரிடம் யோசனை கேட்டாள். “வாங்கு” என்றோ “வேண்டாம்” என்றோ அவர் சொல்லவில்லை. “குழுவில் ஒருவரின் கடிகாரத்தை இன்று இரவல் வாங்கிக் கட்டிக்கொள். விளையாட்டரங்கத்தில் ஆறு சுற்றுகள் ஓடு. உனக்கு எந்த எண் பயன்பட்டது என்று ஓடி முடித்ததும் சொல்,” என்றார்.

அவள் ஓடினாள். ஓடும்போது கடிகாரத்தில் பல எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. அவள் உண்மையில் பார்த்தது சுற்று நேரத்தை மட்டுமே. அதையும் ஒவ்வொரு சுற்றின் முடிவில்தான் பார்த்தாள். “சுற்று நேரம்தான் பயன்பட்டது, ஐயா. நீண்ட தூரம் ஓடும் நாள்களில் மட்டும் மொத்தத் தூரம் தெரிந்தால் நல்லது,” என்றாள்.

“அப்படியானால், உன் தேவை என்னவென்று உனக்குத் தெரிந்துவிட்டது. இனி, அது எவ்வளவு நாள் நீடிக்கும் என்று பார்,” என்றார் அவர்.

வீட்டில் பயன்படுத்தாமல் கிடந்த சாதாரண மின்னிலக்கக் கடிகாரம் ஒன்றை அவள் தேடி எடுத்தாள். அதில் நிறுத்துக் கடிகார வசதி இருந்தது. ஒரு பழைய பயிற்சி ஏட்டில் தேதி, இடம், சுற்று நேரம், உடல்நிலை என்று நான்கு கட்டங்களை வரைந்தாள். வாரத்துக்கு மூன்று ஓட்டம் வீதம் பத்து வாரங்கள் தவறாமல் ஓடினால் கடிகாரம் வாங்குவது என்றும், அதுவும் கையிலுள்ள 310 வெள்ளிக்குள் கிடைப்பதையே வாங்குவது என்றும் முதல் பக்கத்தில் எழுதிவைத்தாள். நள்ளிரவுச் சலுகை முடிந்து போயிருந்தது. அதைப் பற்றி அவள் மீண்டும் பேசவில்லை.

பத்து வாரங்கள் கழிந்தன. முப்பது ஓட்டங்களில் இருபத்தேழு ஏட்டில் பதிவாகியிருந்தன. விடுபட்ட மூன்றில் ஒன்று காய்ச்சலால். இரண்டு, இடியுடன் கூடிய மழையால். முதல் வாரத்தில் 2.4 கிலோமீட்டரின் கடைசிச் சுற்றில் மூச்சுவாங்கி நடந்தவள், பத்தாம் வாரத்தில் ஆறு சுற்றுகளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடினாள். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது விலையுயர்ந்த கருவி அன்று. தொடர்ந்து எழுதிய அந்த ஏடுதான்.

அதன் பிறகு, அவள் விலையைக் குறித்துவைத்திருந்த கடிகாரங்களில் ஒன்று 289 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. முந்தைய ஆண்டு மாதிரி. ஆனால், மென்பொருள் ஆதரவும் ஓராண்டு உத்தரவாதமும் இருந்தன. அண்ணனையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்று அதை வாங்கினாள். மீதமிருந்த 21 வெள்ளியை மீண்டும் உண்டியலில் போட்டாள்.

இரண்டு மாதங்களில், அண்ணன் சொன்னபடியே புதிய மாதிரி வெளிவந்தது. விளம்பரத்தை அவன் அவளிடம் காட்டினான். திரை அழகாக இருந்தது. அவள் அதைச் சற்று நேரம் பார்த்தாள். “அழகாகத்தான் இருக்கிறது, அண்ணா,” என்று சொல்லிவிட்டு, பயிற்சிக்கு நேரமாகிவிட்டதால் காலணியை அணிந்துகொண்டு புறப்பட்டாள்.